விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளைக் கடையிலும் கிடங்கிலும் உணவகத்திலும் வேலைக்கு வைக்கிற முதலாளிகளே, மேலாளர்களே,

உங்களில் ஒருவர் என் மகளின் முதல் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு வயது 16. சொன்ன காரணம் இரண்டு. சேர்ந்த புதிதில் வேலை பழகிய நாட்களுக்குச் சம்பளம் கிடையாதாம். அப்புறம், ஒரு நாள் இரவு கல்லாவில் குறைந்த பணத்தை அவள் கணக்கில் பிடித்துக்கொண்டார்களாம். இந்த இரண்டையுமே வேலைக்குச் சேரும்போது யாரும் அவளிடம் சொல்லவில்லை, எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. ஏன் என்று அவள் கேட்டதற்கு மேலாளர் சொன்ன பதில், "சின்னப் பொண்ணு, இதெல்லாம் ஒரு அனுபவம்தானே." அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளுடைய வகுப்புத் தோழர்கள் சிலர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள், என் கோபத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டி வரக்கூடாது. அதோடு, தெரிந்த பெற்றோர்களிடம் பேசியபோது வேறு வேறு கடைகளைப் பற்றி ஏறக்குறைய இதே புகாரைத்தான் கேட்டேன். ஒரு கடையோடு முடிகிற விஷயமாக இருந்திருந்தால் நேரில் போய்ப் பேசி முடித்திருப்பேன். அப்படி இல்லாததால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் விடுமுறையில் வேலைக்குப் போவதை நான் எதிர்க்கவில்லை. என் மகள் கேட்டபோது சந்தோஷமாகத்தான் சரி என்றேன். தெரியாதவர்களிடம் வாய் திறக்கவே தயங்குகிற பெண் அவள். பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்து சத்தம் போட்ட ஒருவரிடம் எப்படிப் பேசி அமைதிப்படுத்தினாள் என்பதை வீட்டுக்கு வந்து எங்களுக்கு நடித்தே காட்டினாள். காலாவதித் தேதி நெருங்கிய பொருளை அலமாரியில் முன்னால் வைக்க வேண்டும், புதிதாக வந்ததைப் பின்னால் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரோ ஒரு அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நாள் முழுக்க நின்றால் கால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த பிறகு, இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் அங்கே நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். இதெல்லாம் உண்மையிலேயே பெரிய விஷயம், இதற்காக உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவன் நான். ஆனால் அவள் கற்றுக்கொண்டது வேறு, அவள் செய்த வேலைக்கான கூலி வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் குறைக்க முடியாது.

அவள் ஒரு சின்ன நோட்டில் தினமும் போன நேரம், விட்ட நேரம் எழுதி வந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை, பழைய கேமரா ஒன்று வாங்க ஆசைப்பட்டு, அதற்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினாள். சம்பளம் வந்த அன்று அந்த நோட்டையும் கடை அனுப்பிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழகிய நாட்கள் கடைக் கணக்கில் இல்லவே இல்லை. அந்த நாட்களில் அவள் வேடிக்கையா பார்த்துக்கொண்டிருந்தாள்? பெட்டி பிரித்தாள், அலமாரி அடுக்கினாள், விலைச் சீட்டு ஒட்டினாள், கூட்டம் அதிகமானபோது பை போட்டுக் கொடுத்தாள். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. ஷட்டரை இறக்கிய பிறகு தரை துடைத்து, கல்லா கணக்கை முடித்து, குப்பையை வெளியே வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு விடுவார்கள். கடைக் கணக்கிலோ அவள் வேலை ஷட்டர் இறங்கும் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் நடந்த வேலை ஒவ்வொரு இரவும் இலவசம். ஒரு நாளைக்குப் பார்த்தால் கொஞ்ச நேரம்தான், விடுமுறை முழுக்கக் கூட்டிப் பாருங்கள், அது ஒரு பெரிய தொகை.

இப்போது கல்லா விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் குறைந்தது என்று சொல்லிவிட்டால் கேட்பவர்கள் மனதில் வேறு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது, அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. அந்தக் கடையில் பில் போடும் மெஷினுக்கு ஒரே பாஸ்வேர்டு, எல்லோரும் அதையே பயன்படுத்துகிறார்கள். காலையில் சில்லறை எவ்வளவு வைத்தார்கள் என்று எண்ணிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இல்லை. பெரியவர்கள் யாராவது இடைவேளைக்குப் போனால் "கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று இவளை உட்கார வைத்துவிட்டுப் போவார்கள், வந்ததும் எழுப்பிவிட்டு அவர்கள் உட்காருவார்கள், இடையில் சில்லறை வேண்டுமென்று சூப்பர்வைசர் வந்து பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போவார். இப்படி ஒரே நாளில் பல கைகள் புழங்கிய பெட்டியில் இரவு பணம் குறைந்தால், அது யாரால் குறைந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. ஆனால் பிடித்தம் புதிதாக வந்த, எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளையின் கணக்கில் போகிறது. முறையாகக் கல்லா நடத்துகிற இடங்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, தனி பாஸ்வேர்டு உண்டு, ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிச் செய்துவிட்டுக் குறைந்தால், எங்கே தவறியது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் செய்யாதது கடையின் குறை, அதை ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் சம்பளத்தில் ஈடுகட்டக் கூடாது.

அன்று இரவு அவள் அழவில்லை. தூங்கவும் இல்லை. யாருக்கு எவ்வளவு மீதி கொடுத்தோம் என்று ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் எடுத்திருப்பேன்னு நெனச்சிருப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். நான் போய்ப் பேசுகிறேன் என்றதற்கு, "வேண்டாம்ப்பா, விடுங்க, அடுத்த லீவுக்குக் கூப்பிட மாட்டாங்க, என் பிரெண்ட்ஸையும் ஒரு மாதிரி பாப்பாங்க" என்றாள். உங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் ஏன் புகார் சொல்வதில்லை என்று நீங்கள் யோசித்ததுண்டா? அவர்களுக்குக் குறை இல்லாததால் அல்ல. யாரிடம் சொல்வது என்று தெரியாது, சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம், பெரியவர்களை எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாங்களே சொல்லி வளர்த்த வளர்ப்பு. இந்தப் பயத்தையும் மரியாதையையும் வைத்துத்தான் பிடித்தம் போட முடிகிறது. அதே பிடித்தத்தைப் பத்து வருட அனுபவம் உள்ள ஒரு ஊழியரிடம் போட்டுப் பார்க்க உங்கள் மேலாளருக்குத் தைரியம் வருமா?

இது என் சொந்தக் கருத்து என்று தள்ளிவிட வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-ல் கொண்டுவந்த ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, 95-வது எண், இதைத்தான் சொல்கிறது: சம்பள விவரத்தை வேலையில் சேர்வதற்கு முன்பே புரியும்படி சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறை சம்பளம் கொடுக்கும்போதும் கணக்கைக் காட்ட வேண்டும், சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ அனுமதித்த அளவுக்கு மேல் எந்தப் பிடித்தமும் போடக்கூடாது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-ல் வந்தது. அதன் 32-வது பிரிவு, பிள்ளைகளைப் பொருளாதாரச் சுரண்டலிலிருந்து காக்க வேண்டும், வேலை நேரத்தையும் நிலைமைகளையும் முறைப்படுத்த வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையின்படி, பொதுவாக 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் குழந்தைகள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1973-ல் கொண்டுவந்த குறைந்தபட்ச வயது உடன்படிக்கை, 138-வது எண், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பவர் அவர்களின் பெயரும் வயதும் அல்லது பிறந்த தேதியும் உள்ள பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. என் மகள் சேர்ந்தபோது அவளிடம் கேட்டது போன் நம்பர் மட்டும்தான்.

அந்த 138-வது உடன்படிக்கையோடு சேர்ந்து அதே வருடம் வந்தது 146-வது பரிந்துரை. பெற்றோர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று அது. இளம் வயதினருக்கு நியாயமான ஊதியம் வேண்டும், அதைத் தீர்மானிக்கும்போது சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை மனதில் வைக்க வேண்டும் என்கிறது. வேலை நேரத்துக்குக் கண்டிப்பான வரம்பு வேண்டும், ஓவர்டைம் கூடாது, இரவில் தொடர்ச்சியாகக் குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் சொல்கிறது. பரிந்துரை என்பதால் அது யாரையும் கட்டாயப்படுத்தாது, நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும், எனக்குத் தெரியும். ஆனால் எது நியாயம் என்று அரசுகளும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி எழுதியது அது. அந்த மேசையில் உங்கள் தரப்பு ஆட்களும் இருந்தார்கள்.

12 மணி நேரம் என்று படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அவளுடைய ஷிப்ட் பட்டியல்தான். பட்டியல் என்றுகூடச் சொல்ல முடியாது, முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற ஒரு வரி. இரவு கடை மூடுகிற ஷிப்டில் நின்றுவிட்டு வந்தவளை மறுநாள் காலை கடை திறக்கிற ஷிப்டுக்குப் போடுவார்கள், அதுவும் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தெரியும். வளரும் வயதில் தூக்க நேரம் இயற்கையாகவே பின்னால் தள்ளிப்போகிறது, அவர்களுக்குத் தூக்கம் வருவதே தாமதமாகத்தான். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் ஷிப்டில் அதற்கு இடமே இல்லை. தூக்கக் கலக்கத்தோடு வந்த பிள்ளையைத்தான் காலையில் கல்லாவில் உட்கார வைக்கிறீர்கள், ஏணியில் ஏற்றுகிறீர்கள்.

ஏணி என்றதும் இன்னொன்று. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில்தான் அடிபடும் ஆபத்து மிக அதிகம். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், முதல் மாதத்தில் இருப்பவர்களுக்கு வேலைக்கு வர முடியாத அளவுக்குக் காயம்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இருப்பதே ஒன்றிரண்டு மாதம்தான், அதாவது அவர்கள் இருக்கும் காலத்தில் பாதியோ முழுவதுமோ இந்த ஆபத்தான மாதம்தான். என் மகளுக்கு அட்டைப் பெட்டி அறுக்கும் கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் காட்டவில்லை. கழிவறை கழுவ பிளீச்சையும் ஆசிட் கலந்த ஒரு திரவத்தையும் ஒன்றாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது நுரையீரலைப் பாதிக்கும். பள்ளியில் படித்த வேதியியலால் அவளுக்கு அது தெரிந்திருந்தது, ஒன்றை மட்டும் பயன்படுத்தினாள். அது தெரியாத ஒரு பிள்ளை அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையுறை கேட்டதற்கு வீட்டிலிருந்து கொண்டு வரச் சொன்னார்களாம். பாதுகாப்புக்கான செலவு எதையும் தொழிலாளி தலையில் சுமத்தக்கூடாது என்று 1981-ல் வந்த தொழில் பாதுகாப்பு உடன்படிக்கை, 155-வது எண், தெளிவாகச் சொல்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். சின்ன வியாபாரம், லாபம் குறைவு, இரண்டு மாதத்தில் போய்விடுகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரமே நஷ்டம் என்பீர்கள். சொல்லிக்கொடுக்க நேரம் ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் விடுமுறைக் கூட்டத்தைச் சமாளிக்கக் கூடுதல் ஆள் தேவைப்படுவதால்தானே பிள்ளைகளைக் கூப்பிடுகிறீர்கள்? அந்தக் கூட்டத்தால் வருகிற வியாபாரம் உங்களுடையது என்றால், அந்தக் கூட்டத்துக்கு ஆளைத் தயார் செய்கிற செலவும் உங்களுடையதுதான். ஒரு பெரியவரை வேலைக்கு எடுத்தாலும் முதல் சில நாட்கள் அவருக்கும் பழக்கித்தான் ஆக வேண்டும், அதற்காக அவரிடம் அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், மறுநாள் வரமாட்டார். "பாக்கெட் மணிக்குத்தானே வர்றாங்க" என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பணத்தில் அவர்கள் கேமரா வாங்குவார்களா, புத்தகம் வாங்குவார்களா, வீட்டு வாடகைக்குக் கொடுப்பார்களா என்பது உங்களுக்குத் தேவையில்லாத கேள்வி. வாடகைக்குக் கொடுக்கிற பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், அவர்கள் என் மகளைவிடவும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லோரும் இப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என் நண்பரின் மகன் வேலை பார்த்த ஒரு சின்னக் கடையில், முதல் நாளே மணிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் சம்பளம், உடம்பு சரியில்லை என்றால் யாருக்குப் போன் செய்வது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதலாளியே கையால் எழுதியது. அந்தக் கடை ஒன்றும் பணத்தில் புரள்கிற கடை இல்லை. அதனால், இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

எனவே, உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன்.

ஒரு பிள்ளையை வேலைக்கு எடுக்கும் முன், என்ன வேலை, மணிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் சம்பளம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதி, பிள்ளையிடம் ஒரு பிரதியும் பெற்றோரிடம் ஒரு பிரதியும் கொடுங்கள். வயதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கடைக்குள் வந்த நிமிடம் முதல் வெளியே விடுகிற நிமிடம் வரை எல்லாமே வேலை நேரம்தான், பழகுகிற நாளும் சரி, ஷட்டர் இறக்கிய பிறகு துடைக்கிற நேரமும் சரி, எல்லாவற்றுக்கும் சம்பளம் கொடுங்கள், கணக்கைச் சம்பளச் சீட்டில் காட்டுங்கள்.

கல்லாவில் குறைகிற பணத்தைப் பிள்ளைகள் சம்பளத்தில் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தனிப் பெட்டியும் தனி பாஸ்வேர்டும் கொடுக்க முடியாவிட்டால் அவர்களைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள்.

ஷிப்டை ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள், இரண்டு ஷிப்டுக்கு நடுவே 12 மணி நேரம் விடுங்கள். ஏணி வேலை, அட்டை அமுக்கும் மெஷின், ரசாயனம் இவற்றில் அவர்களை விடாதீர்கள். கையுறையும் மற்றதும் கடைச் செலவில் கொடுங்கள். பிள்ளைகள் பயமில்லாமல் போய்க் கேட்கக்கூடிய ஒரு பெரியவரின் பெயரை முதல் நாளே சொல்லுங்கள், அவர் ஷிப்ட் போடுகிற மேலாளராக இருக்க வேண்டாம்.

கடைசியாக, இந்த விடுமுறையில் ஏற்கெனவே நடந்ததற்கு. உங்கள் வருகைப் பதிவேட்டைத் திறந்து, வேலை பார்த்த ஒவ்வொரு பிள்ளையின் கணக்கையும் மறுபடி பாருங்கள். பழகிய நாட்களுக்கும், மூடிய பிறகு செய்த வேலைக்கும் தர வேண்டிய பாக்கியையும், பிடித்த பணத்தையும் பள்ளி திறப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள். கல்லாவில் பணம் குறைந்தது அவர்கள் தவறு இல்லை என்பதையும், யாரை வைத்துக்கொண்டு குற்றம் சாட்டினீர்களோ அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
16 வயது மகளின் தந்தை